குட்டி யானைப் பின்பாடிக்குச் செலவு குறைந்த சில வேலைகள்

டாடா ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் போன்ற சின்ன லோடு வண்டிகளில் சீக்கிரம் வீணாவது பின்பாடியின் தரைத் தகடு. ஜல்லி, சிலிண்டர், காய்கறி கிரேட் என்று இழுத்து இழுத்து ஏற்ற, பெயின்ட் உரிந்துவிடும். தகட்டு மடிப்பில் தண்ணீர் தேங்கித் துரு கிளம்பும். கையில் நாலைந்தாயிரம் இருந்தால் ஸ்டிக்கர், ஸ்பீக்கர் எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலில் தரையைக் கவனியுங்கள்.

மாட்டுத் தொழுவத்துக்கென்று விற்கும் ரப்பர் மேட் இதற்கு அருமையாகப் பொருந்தும். சுமார் ஆறரைக்கு நாலடி, 15 முதல் 17 மி.மீ. கனம். ஒன்றே 40, 50 கிலோ வரும் என்பதை மறக்க வேண்டாம். 750 கிலோ ஏற்றும் ஏஸில் அது ஒரு சிமென்ட் மூட்டையின் இடத்தைத் தின்றுவிடும். எடை முக்கியம் என்றால் 12 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப் பலகை) போடுங்கள். ஏழுக்கு ஐந்தடிப் பலகை 25 கிலோ சுமார்தான், ஆனால் ஈரத்தில் வழுக்கும்.

மேட் போடும் முன் தரையைக் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். துரு உள்ள இடத்தைக் கம்பி பிரஷ், 80 நம்பர் எமரி (உப்புத்தாள்) இரண்டாலும் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரிந்த பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர் இரண்டு கோட் அடிக்க வேண்டும். துருவின் மேலேயே அடித்தால் பிரைமர் தோலாக உரிந்து வரும். தண்ணீர் வடியும் துளைகளில் மண் அடைத்திருக்கும்; கம்பி விட்டுக் குத்தி எடுங்கள். மேட்டின் வரியுள்ள பக்கம் கீழே இருந்தால் தண்ணீர் அடியில் ஓடி வெளியேறும். பசை போட்டு ஒட்டவே கூடாது. மாதம் இருமுறை தூக்கிக் கழுவ வேண்டும்; மீன், உரம், உப்பு ஏற்றினால் அன்றைக்கே.

அடுத்து, கட்டும் கொக்கி. வண்டியோடு வரும் கொக்கிகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் இருக்கும். ஃபிரிட்ஜ், பைக் ஏற்றும்போது உள்ளே பிடிமானம் வேண்டும். நாலு மூலைக்கும் டி வளையம், 8.8 கிரேடு எம்10 போல்ட், நைலாக் நட் (அதிர்வில் கழலாத நைலான் வளைய நட்), அடியில் 50-க்கு 50 மி.மீ. அளவில் 5 மி.மீ. கன இரும்புப் பட்டை போதும். பட்டை இல்லாமல் வெறும் வாஷர் போட்டால் மெல்லிய தகடு கிழிந்து போல்ட் மேலே வந்துவிடும். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து டீசல் டேங்க், பிரேக் பைப், ஒயரிங் எங்கே போகிறது என்று பாருங்கள். டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்துவிட்டால் தேவைக்கு மேல் உள்ளே இறங்காது. துளையின் விளிம்புக்கும் பிரைமர் வேண்டும். சேஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்பில் மட்டும் துளை போடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். சுமையை இறுக்கிக் கட்டும் ராட்செட் பெல்ட் வாங்கும்போது அதன் லேபிளில் எல்.சி. என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெல்ட் தாங்கும் இழுவை அதுதான். கூர்முனையில் பெல்ட் உரசும் இடத்தில் பழைய டியூப் துண்டு வையுங்கள்.

இரவில் லோடு இறக்க விளக்கு. 12 வோல்ட், 18 வாட் எல்.இ.டி. இரண்டு போட்டால் 3 ஆம்பியர்தான் இழுக்கும். 1.5 சதுர மி.மீ. ஒயர், 5 ஆம்பியர் ஃபியூஸ், நாலு பின் ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் விளக்கின் மின்சாரத்தை இயக்கும் பாகம்) வேண்டும். ரிலேயின் ஒவ்வொரு பின்னிலும் ஓர் எண் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து விளக்குக்கு, சுவிட்சிலிருந்து 86-க்கு, 85 எர்த்துக்கு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். தள்ளி வைத்தால், இடையில் ஒயர் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸுக்கு வேலையே இல்லை; ஒயர்தான் எரியும். தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் கிராமெட் (ஒயர் உரசாமல் காக்கும் வளையம்) போடுங்கள். விளக்கு மங்கினாலோ மினுக்கினாலோ முதலில் எர்த்தைப் பாருங்கள். பெயின்டைச் சுரண்டி, வளைய லக், ஸ்டார் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் வருடக்கணக்கில் நிற்கும். டெயில் லேம்ப் ஒயரிலிருந்து கனெக்‌ஷன் எடுப்பது வேண்டாம். ஃபியூஸ் போனால் நெடுஞ்சாலையில் பின்விளக்கே இல்லாமல் போவீர்கள். விளக்கு தரையைப் பார்த்து இருக்கட்டும், ஓடும்போது அணைந்திருக்கட்டும்.

ரிஃப்ளெக்டர் டேப் முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஏ.ஐ.எஸ். 090 (வாகனப் பாகங்களுக்கான இந்தியத் தர எண்) என்று அச்சிட்டதை வாங்குங்கள். ரிவெட் வரும் இடத்தில் வெட்டி விட்டு ஒட்டாவிட்டால் காற்று புகுந்து எழும்பிவிடும். தார்ப்பாய்க்கு வளைவுக் குழாய் போட்டால் நடுவில் உள்ளது மற்றவற்றைவிட மூன்று அங்குலம் உயரமாக இருக்கட்டும், தண்ணீர் தேங்காது.

செய்யக் கூடாதவையும் உண்டு. பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்ப்பதால் வண்டி தாங்கும் சுமை அதிகமாகிவிடாது. ஆக்ஸில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே! சுமைக்கேற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றும் வால்வு உள்ள வண்டிகளில், பின்பக்கம் தூக்கி நின்றால் வண்டி காலியென்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பக்கப் பலகையை நிரந்தரமாக உயர்த்துவது, கூண்டு கட்டுவது போன்றவற்றுக்கு ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. முன்பக்கம் மாட்டும் புல் பார் எனும் இரும்புத் தடுப்புக்கும் 2017-லிருந்து தடை. எங்காவது வெல்டிங் தவிர்க்க முடியாமல் வந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்த பிறகுதான் வெல்டரைக் கை வைக்க விடுங்கள், இல்லாவிட்டால் ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போய்விடும்.