ராஜ குடும்பமும் வாரிசு வரியும்: பலர் செய்யும் தவறுகள்

ராஜ வம்சம் என்றால் வாரிசு வரியே கிடையாது என்று ராமநாதபுரம் பக்கம் பலர் அடித்துச் சொல்வார்கள். 2022-ல் எலிசபெத் ராணி இறந்து, சார்லஸ் வரி கட்டாமல் சொத்தைப் பெற்ற செய்தி அந்த நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கிவிட்டது.

ஆனால் அந்தச் சலுகை ரத்த உறவுக்குக் கிடைப்பதல்ல. பிரிட்டனில் பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீத வரி உண்டு. 1993-ல் அரண்மனையும் அரசாங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முக்கியமாக மன்னரிடமிருந்து அடுத்த மன்னருக்குப் போகும் சொத்துக்குத்தான் விலக்கு. டயானா இறந்தபோது அவர் விட்டுச்சென்றதற்கு 80 லட்சம் பவுண்டுக்கும் மேல் வரி போனது. சொத்து போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவரான மகன் வில்லியம் வருங்கால மன்னர் என்பது அங்கே செல்லுபடியாகவில்லை.

அடுத்த தவறு, இந்த லண்டன் கணக்கை ராமநாதபுரம் அரச குடும்பமான சேதுபதிகள் மேல் போட்டுப் பார்ப்பது. வெள்ளையர் ஆட்சியில் 1803 முதல் ராமநாதபுரம் ஜமீன்தான். புதுக்கோட்டை மாதிரி தனி சமஸ்தானம் அல்ல. எனவே சமஸ்தான மன்னர்களுக்கு இந்திய அரசு கொடுத்துவந்து 1971-ல் நிறுத்தப்பட்ட மன்னர் மானியத்தை இந்தக் குடும்பத்தோடு சேர்த்துப் பேசுவதே பிழை. ஜமீன் நிலங்கள் 1948 சட்டத்தின்கீழ் அரசுக்குப் போயின. ராமேஸ்வரம் கோயிலுக்குப் பரம்பரை அறங்காவலர் என்பதாலும் கோயில் சொத்து குடும்பச் சொத்தாகிவிடாது. அது சாமி சொத்து.

இந்தியாவிலும் இறந்தவர் சொத்துக்கு வரி இருந்தது. 1953-ல் வந்தது, ஒரு கட்டத்தில் உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது, 1985-ல் எடுத்துவிட்டார்கள். இன்று அரண்மனைக்கும் கிடையாது, ஓட்டு வீட்டுக்கும் கிடையாது.

பட்டத்துக்கு வருபவருக்கே எல்லாம் என்பதையும் நம்பி உட்கார வேண்டாம். உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நவாப் சொத்து வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம், முஸ்லிம் தனிச்சட்டப்படி வாரிசுகள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அக்கா தங்கைகளை விட்டுவிட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதும் குடும்பங்கள் அரண்மனையானாலும் கீழக்கரைத் தெருவானாலும் கடைசியில் கோர்ட்டுக்குத்தான் போகின்றன.

சரி, வரியே இல்லையா? விற்கும்போது இருக்கிறது. பரம்பரைச் சொத்து கைக்கு வரும்போது வருமான வரி இல்லை. மண்டபம் ஊரில் தாத்தா வாங்கிய மனையை இன்று விற்றால் மூலதன ஆதாய வரி, அதாவது விற்ற லாபத்துக்கான வரி, வரும். இங்கேதான் நம் ஆட்கள் பணத்தை இழக்கிறார்கள். நாம் காசு கொடுத்து வாங்கவில்லையே என்று, லாபம் கணக்கிட விற்ற விலையில் கழிக்கும் அடக்கவிலையைப் பூஜ்யமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடத் தேவையில்லை. தாத்தா கொடுத்த விலையே உங்கள் அடக்கவிலை. அவர் 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியிருந்தால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், அந்த நாளின் அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். ஆகவே மூலப் பத்திரத்தைத் தொலைத்துவிடாதீர்கள். விலை பேசும் முன்பே பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்புக்கு அறிக்கை வாங்கிவிடுங்கள்.