ப்ளாக்கா, பிளாக்கா? பிளெண்ட் சொல்லிக்கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

பின், சன், கப் என்று மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களைக் கடகடவென்று வாசிக்கிற பிள்ளை, ஸ்லிப் என்பதை சிப் என்கிறது, ட்ரிப் என்பதை டிப் என்கிறது. எழுதச் சொன்னாலும் எல்லும் ஆரும் காணாமல் போயிருக்கும். உடனே 'கவனமே இல்லை' என்று பத்து முறை எழுத வைப்பதுதான் வழக்கமான தவறு. இப்படி ஒட்டி வரும் மெய்யொலிகளைத்தான் பிளெண்ட் என்கிறோம். அதில் இரண்டாவது ஒலி பிள்ளையின் காதில் தனியாக விழவில்லை, அவ்வளவுதான். எழுத வைத்தால் கை வலிக்கும், காது பழகாது.

நம் வீடுகளில் கூடுதலாக ஒரு சிக்கல். தமிழில் தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் ஸ்கூல் நம் வாயில் இஸ்கூல் ஆகிறது, ப்ளேட் பிளேட் ஆகிறது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் புத்தகத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் 'பிளாக்', 'கிளாக்', 'டிரம்' என்று எழுதிக் கொடுக்கிறோமே, அங்கேதான் வினை. இல்லாத இகரத்தை நாமே நுழைத்துவிடுகிறோம். பிள்ளை அதை நம்பி பி, ஐ, எல் என்று எழுதினால் தப்பு யார் மேல்?

ஒலியைச் சொல்லும்போதும் இதே கதை. 'ப', 'ல' என்று அகரம் சேர்த்துச் சொல்லிவிட்டு, சேர்த்து வாசி என்றால் 'பலாக்' என்றுதான் வரும்.

அகரவரிசைப்படி பி-எல், பி-ஆர் என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிடலாம். பி, டி, கே ஒலிகளை இழுக்க முடியாது. வாயைத் திறந்ததும் முடிந்துவிடும். எஸ், எம், என், எல் ஒலிகளை மூச்சு இருக்கும்வரை இழுக்கலாம். அதனால் எஸ்-எல், எஸ்-எம், எஸ்-என் கூட்டணியில் தொடங்குங்கள். முதலில் லிப் வாசிக்கட்டும். அப்புறம் முன்னால் எஸ் அட்டையை வையுங்கள்: ஸ்ஸ்ஸ்லிப். அது பழகியபின் ரிப், ட்ரிப், ஸ்ட்ரிப். இப்படிப் போனால் பிளெண்ட் அட்டைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வைக்கும் வேலையே இல்லை. என்னைக் கேட்டால் அந்த அட்டைக் கட்டை வாங்கவே வேண்டாம்.

எஸ்-எச், சி-எச் ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அவை டைகிராஃப்; இரண்டு எழுத்து, ஒரே ஒலி. வித்தியாசத்தைக் காட்ட, சோவியத் உளவியலாளர் எல்கோனின் பெயரில் வழங்கும் கட்டங்கள் போதும். ஒலிக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு புளியங்கொட்டை. ஷிப்புக்கு மூன்று கொட்டை நகரும், ஸ்லிப்புக்கு நான்கு. இரண்டிலும் எழுத்து நான்குதான்.

கடைசியில் வரும் பிளெண்டைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. மில்க் 'மில்க்கு' ஆவதை விடுங்கள். ஜம்ப் என்ற சொல்லில் 'எம்' எழுத்தையும், ஹேண்ட் என்ற சொல்லில் 'என்' எழுத்தையும் பிள்ளைகள் எழுதாமல் விடுவதுதான் அதிகம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜம்ப் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் ஒலி அடைபடும். விட்டுப்போனது அந்த இடத்தில் வரும் எம்தான் என்று பிள்ளையே சொல்லிவிடும்.