ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்கள்: சூட்டை மறந்து செய்யும் தவறுகள்

பிஎம்டபிள்யூ எம், மெர்சிடீஸ் ஏஎம்ஜி, ஆடி ஆர்எஸ் போன்ற கார்களை செகண்ட்ஹேண்டில் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது, எத்தனை குதிரைத்திறன் என்பதைத்தான். அந்தத் திறனோடு சேர்ந்தே பிறக்கும் சூடு எங்கே போகிறது, அதை எந்தத் திரவம் சுமக்கிறது என்று விசாரிப்பவர்கள் குறைவு. இக்கார்களில் பெரிய செலவு வைக்கும் பழுதுகள் பலவற்றுக்கும் சூட்டைக் கவனிக்காமல் விட்டதே காரணமாக இருக்கிறது.

எஞ்சின் சூடேறும் முன்பே ஆக்சிலரேட்டரை ஆழ மிதிப்பதுதான் பரவலான தவறு. கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் எஞ்சின் தயார் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் கூலன்ட் சூடாகிச் சில நிமிடங்கள் கழிந்த பிறகே ஆயில் தனக்குரிய வெப்பநிலைக்கு வருகிறது. 2000-ஆம் ஆண்டில் அறிமுகமான பிஎம்டபிள்யூவின் இ46 எம்3 காரின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்றுவரை செல்லும். அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட 10டபிள்யூ-60 ஆயிலோ குளிரில் தடித்துக் கிடக்கும். அதனால்தான் சுற்றுமானியின் விளிம்பில் ஆரஞ்சு விளக்குகளை வரிசையாகப் பதித்தார்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் எரியும் அவ்விளக்குகள், ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். எதுவரை முடுக்கலாம் என்ற எல்லையும் அதற்கேற்ப மேலே நகரும். இதை வெறும் அலங்காரம் என்று நினைத்து ஓட்டியவர்களும் உண்டு. நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுவதும் நல்ல வழியன்று. கிளம்பிப் போய், நிதானமாக ஓட்டியபடியே சூடேற்றுவதுதான் முறை.

ஓட்டத்தின் மறுமுனையிலும் இதே கவனம் வேண்டும். 2008-இல் பிஎம்டபிள்யூவும், 2014-இல் தன் 4.0 லிட்டர் வி8 எஞ்சினில் ஏஎம்ஜியும், டர்போக்களை, அதாவது வெளியேறும் வாயுவின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவிகளை, இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே வைத்தன. வெளியேறும் வாயு டர்போவை எட்டும் தூரம் குறைவதால் எஞ்சின் உடனுக்குடன் முடுக்கம் தருகிறது. அதே சமயம் கடும் சூடு முழுவதும் வி வடிவப் பள்ளத்துக்குள்ளேயே திரள்கிறது. ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையான ஆட்டோபானில் முழு வேகத்தில் வந்தவர் ஓய்விடத்தில் நிறுத்திய மறுநொடியே எஞ்சினை அணைத்தால், டர்போவின் பேரிங்கில் தங்கும் ஆயில் கருகத் தொடங்கும். கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் போதும். எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டால் அது பழுதல்ல. மிச்சச் சூட்டை வெளியேற்றும் ஏற்பாடு.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், அது வாழ்நாள் முழுவதும் வரும் என்பதை அப்படியே நம்புவது அடுத்த தவறு. இக்கார்கள் பலவற்றில் உள்ள எட்டு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தயாரிக்கும் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவரே சொல்வதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். எம் கார்களுக்கு முதல் 2,000 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலையும் டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றும் சர்வீஸ் ஒன்று உண்டு. அதற்கான பதிவு இல்லாத காரின் விலையைக் குறைத்துப் பேசலாம்.

நான்கு சக்கர இயக்கமுள்ள கார்களில் இரண்டு டயர்களை மட்டும் புதிதாக மாற்றுவது சிக்கனமாகத் தோன்றும். முன்னும் பின்னும் டயர் சுற்றளவு வேறுபட்டால், பிஎம்டபிள்யூவின் நான்கு சக்கர இயக்க அமைப்பான எக்ஸ்டிரைவில் திறனைப் பிரித்துக் கொடுக்கும் கிளட்ச் நேர்சாலையிலும் ஓயாமல் வழுக்கிச் சூடேறித் தேய்ந்துபோகும்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். ஜெர்மனியிலுள்ள நூர்புர்க்ரிங் பந்தயத் தடத்தின் 20.8 கிலோமீட்டர் வடக்குச் சுற்றில் பொதுமக்கள் ஓட்டும் நாளன்று, பழைய திரவத்தோடு இறங்குபவரின் பிரேக் மிதி பாதி வழியில் பஞ்சுபோல் அமுங்கலாம். சுற்றை முடித்து வந்தவுடன் பிரேக்கை மிதித்தபடியே நிற்பதும் தவறு. கொதிக்கும் பிரேக் பேடின் பொருள் பிரேக் தட்டின் ஒரே இடத்தில் படிந்து, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கில் அதிர்வு தெரியும்.

செகண்ட்ஹேண்ட் காரைப் பார்க்கப் போகும்போது, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைத்திருக்கும்படி விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டின் மேல் கை வைத்துப் பார்க்கலாம். வெதுவெதுப்பாக இருந்தால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெளிப்படும் டைமிங் செயினின் கலகலப்பும் முதல் புகையும் நாம் வருவதற்கு முன்பே அடங்கியிருக்கக்கூடும். அப்படியானால் மறுநாள் காலையில் மீண்டும் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம்.