சீனத் தூரிகை எழுத்துக்கலை மேதைகளின் படைப்புகளைப் பார்க்கும்போது செய்யும் தவறுகள்

தூரிகை எழுத்துக் கலைஞர் வாங் ஷிஜீ ஒரு கவிதைத் தொகுப்புக்கு எழுதிய 'லான்டிங் முன்னுரை'யைப் பார்த்து, அவர் கைபட்ட தாள் என்றே பலர் சிலிர்த்துப் போகிறார்கள். அது படிதான், மூலமல்ல. கி.பி. 353-இல் அவர் எழுதிய மூலத்தை, டாங் பேரரசர் தாய்ட்சோங் தன் கல்லறைக்கே கொண்டுபோய்விட்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ள புகழ்பெற்ற படி டாங் வம்சக் காலத்தது (7–10-ஆம் நூற்றாண்டு). வாங் எழுதிய மூலம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தாளெங்கும் உள்ள சிவப்பு முத்திரைகளை எழுதியவரே குத்தினார் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலானவை பின்னால் வந்த சேகரிப்பாளர்களுடையவை. 18-ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியென்லொங் பேரரசர் இதில் கட்டுக்கடங்காத ஆள். கிடைத்த இடத்திலெல்லாம் குத்தித் தள்ளினார்.

ஓயாங் ஷுன் 632-இல் எழுதிய ஜியூசெங் அரண்மனைக் கல்வெட்டைப் பார்த்து எழுதிப் பழகுபவர்கள் வேறொரு வம்பில் மாட்டுவார்கள். கையில் இருப்பது மைப்படி. கல்லில் ஈரத்தாளை ஒட்டி மை தட்டினால், வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். நூற்றாண்டுகளாகப் படியெடுத்துத் தேய்ந்த கல்லின் சிதைவையும் தூரிகை வீச்சு என்று நினைத்து அப்படியே வரைகிறார்கள். பழைய படியோடு ஒப்பிட்டால் சிதைவு எது, கோடு எது என்று பிடிபடும்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு, அழகு என்றால் ஒழுங்கு என்று எடுத்துக்கொள்வது. யான் செஞ்சிங் 758-இல் எழுதிய இரங்கல் வரைவு தைபேயில் இருக்கிறது. டாங் அரசை எதிர்த்து எழுந்த ஆன் லுஷான் கலகத்தில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன் ஜிமிங் கொல்லப்பட்டான். தலை மட்டுமே கிடைத்தது. தொடக்கத்தில், தேதி எழுதும்போது, எழுத்து ஓரளவு நிதானமாகத்தான் இருக்கிறது. "தந்தை வீழ்ந்தார், மகன் இறந்தான், கூடு கவிழ்ந்தது" என்ற பகுதிக்கு வரும்போது அடித்தலும் திருத்தலுமாகிவிடுகிறது. மை வற்றி வறண்ட கோடுகள், அடுத்து மை தோய்த்ததும் திடீரெனக் கருத்த எழுத்து. அழகாகப் படியெடுத்துக் கொடுத்திருந்தால் இதெல்லாம் போயிருக்கும். ஆனால் இதே யான்தான் 752-இல் துவோபாவோ கோபுரக் கல்வெட்டை வரிசை பிசகாமல் எழுதியவர் என்பதையும் மறக்கக்கூடாது.

அப்புறம், துறவி ஹுவாய்சுவின் காட்டு வேகச் சுழி எழுத்தைக் குடிபோதைக் கிறுக்கல் என்று தள்ளிவிடாதீர்கள். மது அருந்திவிட்டு எழுதுவார் என்பது நிஜம்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் எப்படிச் சுருக்குவது என்பதற்கு அந்த நடையில் மரபு உண்டு. தெரிந்தவர்கள் அதைப் படித்துவிடுவார்கள்.