முட்டுக்கு அடியில் ஒரு தலையணை

போன வாரம் திருநெல்வேலித் தச்சநல்லூரில், என்னிடம் சண்டைப் பயிற்சி எடுக்கும் மாணவன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். முட்டுக்குள் எலும்புகளைக் கட்டியிருக்கும் ஏசிஎல் என்ற நாருக்கு ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள். கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். கையில் மொபைல், தலைக்கு மேல் ஃபேன், வலது முட்டுக்கு அடியில் இலவம்பஞ்சுத் தலையணை. ஒன்றல்ல, இரண்டு.

"எவம்லே இதை வச்சது?" என்றேன்.

அடுக்களையிலிருந்து காப்பியோடு வந்த அவன் அம்மா பதில் சொன்னார். "நாந்தான் மாஸ்டர். நீட்டி வச்சா புள்ளை வலியில துடிக்கான். இப்படி வச்சாத்தான் செத்த நேரம் கண்ணசருதான்."

பத்து வருஷத்துக்கு முன்னால் என் அம்மாவும் இதையேதான் சொன்னார். நானும் அப்படித்தான் கண்ணசந்தேன். அதற்குக் கொடுத்த விலை இன்னொரு ஆபரேஷன், ஒரு பைக், ஒரு வருஷச் சண்டைகள். அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐஸ் வையுங்கள், மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள், தையலில் தண்ணீர் படாமல் குளியுங்கள் என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இருக்கும். அவற்றை இங்கே தேடாதீர்கள். இங்கே இருப்பது நாம் வழக்கமாகச் செய்கிற தப்புகள்.

எக்ஸ்ரேயை நம்பி வீட்டுக்கு வருவது

எனக்கு அறுந்தது ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில். இடது காலை ஊன்றி வலது காலால் சுழற்றி உதைத்தேன். வேர்வையில் பாதம் பயிற்சி மெத்தையோடு ஒட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம். எதிரில் நின்றவனுக்கே கேட்டது. சாயங்காலத்துக்குள் முட்டு பனங்காய் மாதிரி ஆகிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லாயிருக்கு" என்றார்கள். எலும்பு நல்லாத்தான் இருக்கும், அறுந்தது லிகமெண்ட் ஆயிற்றே. எக்ஸ்ரேயில் அது தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். சத்தம் கேட்டு, சில மணி நேரத்திலேயே முட்டு வீங்கினால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த வீக்கத்தின் மேல் எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லி எங்கும் போகாதீர்கள். நம் பக்கத்து வர்ம ஆசான்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூட்டுக்குள்ளே இரண்டாக அறுந்து மூட்டுநீரில் மிதக்கிற நார் வெளியே கட்டும் கட்டால் ஒட்டாது.

இன்னொன்று, நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'ஜவ்வு' என்றே பெயர். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் லிகமெண்டும் ஜவ்வு, இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வு. "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள். மெனிஸ்கஸிலும் தையல் போட்டிருந்தால் காலை ஊன்றுவது, மடக்குவது பற்றிய விதிகளே வேறு. பக்கத்துக் கட்டில்காரன் செய்கிறான் என்று நீங்களும் செய்யக் கூடாது.

வீங்கிய முட்டோடு அவசரமாக ஆபரேஷனுக்குப் போவது

வீக்கம் வடிந்து, கால் நீண்டு, தொடைத்தசை விழித்த பிறகு போங்கள். டாக்டர் காத்திருக்கச் சொன்னால் தேதி இழுக்கிறார் என்று நினைக்காதீர்கள்.

தலையணை

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷன் ஆன வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு சொந்தக்காரரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "முட்டு மடங்குதா?" நம் வாழ்க்கை தரையோடு கிடக்கிற வாழ்க்கை. சம்மணம் போட வேண்டும், பந்தியில் உட்கார வேண்டும், கக்கூஸில் குந்த வேண்டும். அதனால் மடங்குவதுதான் குணம் என்று மனசில் பதிந்துபோயிருக்கிறது. முட்டு நீளுகிறதா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் பிசியோ சீட்டில்கூட ஒவ்வொரு வாரமும் மடக்கின டிகிரியை மட்டும் பெரிசாக எழுதினார்கள். 70, 90, 110 என்று ஏறிக்கொண்டே போனது. பரீட்சை மார்க் மாதிரி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தேன். குதிகாலுக்கு அடியில் மட்டும் தாங்கல் கொடுங்கள், முழங்காலுக்கு அடியில் எதையும் வைக்காதீர்கள் என்று டிஸ்சார்ஜ் சீட்டின் மூன்றாம் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே ஆறாவது மாதத்தில்தான்.

தலையணை ஏன் சுகமாக இருக்கிறது? வீங்கிய மூட்டுக்குள் நீர் நிற்க அதிக இடம் கிடைப்பது, கால் சுமார் 30 டிகிரி மடங்கியிருக்கும்போது. அழுத்தம் குறைவதால் வலியும் குறைகிறது. உடம்பு தானாகவே அந்த நிலையைத் தேடிப் போகும். சிக்கலே அந்தச் சுகத்தில்தான். அப்படியே நாள்கணக்கில் கிடந்தால் பின்பக்கம் இறுகும், முன்பக்கம் தழும்புத் திசு வளரும். சிலருக்குப் புது லிகமெண்டுக்கு முன்னால் ஒரு திசு முண்டு முளைத்து, கதவிடுக்கில் சிக்கின கல் மாதிரி, முட்டு முழுசாக நீள விடாமல் தடுக்கும். உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும்போது கண் மாதிரி தெரிவதால், கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கன் பெயரால் அதை 'சைக்ளோப்ஸ்' என்கிறார்கள். என் முட்டுக்குள் இருந்தது அந்த அரக்கன்தான்.

எனக்கு ஆபரேஷன் நடந்தது 2015 கார்த்திகையில். அடுத்த பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாஸ்தா கோயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து படைப்புச் சோறு சாப்பிட்டேன். நாலே மாசம்! ஆச்சி திருஷ்டி கழித்தாள். பெரியப்பா, "பய தேறிட்டாம்லா" என்று ஊரெல்லாம் சொன்னார். எழுந்து நடந்தபோது காலை லேசாக இழுத்து நடந்ததை யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட.

பயிற்சிக்குத் திரும்பியபோதுதான் தெரிந்தது. முழுசாக நீண்ட காலில் நிற்கும்போது எலும்பின் மேல் எலும்பு நின்று எடையைத் தாங்கும், தொடைத்தசை ஓய்வாக இருக்கும். எட்டு டிகிரி மடங்கிய காலில் நின்றால் அந்த ஓய்வே கிடையாது, தொடை சும்மா நிற்பதற்கே வேலை செய்ய வேண்டும். முதல் ரவுண்டு எப்படியோ ஓடிவிடும். இரண்டாவதில் தொடை எரியும். நேர்உதை எட்டாது. சுழற்றி உதைக்க ஊன்றிய கால் நடுங்கும். போதாக்குறைக்கு முட்டுச் சிரட்டைக்கு அடியில் ஓயாத வலி. நானோ ஸ்டாமினா போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு காலை ஐந்து மணிக்கு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். நொண்டிக்கொண்டே ஓடியதில் இடுப்பும் சேர்ந்து பிடித்துக்கொண்டது.

வைகாசியில் இரண்டாவது ஆபரேஷன், அந்த முண்டை வெட்டி எடுக்க. பைக்கை விற்ற காசு அதற்குத்தான் போனது. ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதியில் வடம் பிடிக்கிற கூட்டத்துக்கு ஓரமாக, ஒரு கடை வாசலில் ஊன்றுகோலோடு நின்றேன். நெல்லையப்பர் தேர் என்னைத் தாண்டிப் போனது. நான் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? செலவே இல்லாத வேலை. பாயையோ ஜமுக்காளத்தையோ இறுகச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பழைய பத்தமடைப் பாய் ஒன்று இருந்தது. முட்டுக்கு அடியில் காற்றைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. கால் தன் எடையாலேயே மெல்லத் தொய்ந்து நீளும். பத்து நிமிஷம், ஒரு நாளைக்குப் பல தடவை. முதல் ஐந்து நிமிஷம் பல்லைக் கடிக்க வைக்கும், பிறகு விட்டுக்கொடுக்கும். அதோடு தொடையை இறுக்கிப் பழகுங்கள். இறுக்கும்போது முட்டுச் சிரட்டை மேலே ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏறவில்லை என்றால் தசை இன்னும் தூங்குகிறது. தூங்கும்போதும் தலையணை வேண்டாம். முதல் இரண்டு வாரத்துக்குள் முழு நீட்டம் வந்துவிட வேண்டும் என்று குறி வையுங்கள். மடக்குவது எப்படியும் பின்னால் வரும். நீட்டம் அப்படி இல்லை, தழும்பு முற்றிவிட்டால் கெஞ்சினாலும் வராது.

அளக்கவும் கருவி தேவையில்லை. ஊன்றுகோலை விட்டு, குப்புறப் படுக்க டாக்டர் சம்மதித்த பிறகு, முட்டுக்குக் கீழே உள்ள பகுதி கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி படுங்கள். பின்னால் நின்று ஒருத்தர் இரண்டு குதிகாலையும் பார்க்கட்டும். ஒன்று மேலே நின்றால் எத்தனை செ.மீ. என்று அளக்கட்டும். ஒரு செ.மீ. ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒப்பிட வேண்டியது உங்கள் அடுத்த காலோடுதான். சிலருக்கு நல்ல கால் நேர்கோட்டையும் தாண்டிக் கொஞ்சம் பின்னால் வளையும். அவர்களுக்குப் பூஜ்யம் போதாது, ஆபரேஷன் ஆன காலும் அவ்வளவுக்கு வர வேண்டும். மூன்று, நான்கு வாரம் ஆகியும் நீளவில்லை என்றால் "போகப் போகச் சரியாகும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் டாக்டரிடம் போய் நில்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஐந்து மாசம்.

கெண்டைக்கால்

வீங்கி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அது பயிற்சி வலி இல்லை. ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கிக்கர்

பைக் கிக்கரை மிதிக்காதீர்கள். செல்ஃப் ஸ்டார்ட் இல்லையென்றால் ஆட்டோ.

வலி போனதும் கையுறை மாட்டுவது

உங்கள் தொடைக்குப் பின்னாலோ சிரட்டைக்குக் கீழேயோ எடுத்த தசைநாணைத்தான் புது லிகமெண்டாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வைத்த அன்று அது பலமாக இருக்கும், பிறகு பலம் குறையும், அதற்கப்புறம்தான் கூடும். பிசானப் பருவ நெல்லுக்கு நட்ட நாற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். நட்டதும் வெளுத்துத் துவளும், வேர் பிடித்த பிறகுதான் பச்சை பிடிக்கும். அந்த நாணுக்குள்ளும் புதுசாக ரத்த ஓட்டம் ஊடுருவி, அது லிகமெண்டாக மாற மாதங்கள் ஆகும். கொடுமை என்னவென்றால், அது துவண்டு கிடக்கிற இரண்டாம் மூன்றாம் மாதத்தில்தான் வீக்கமும் வலியும் போயிருக்கும். மனசு ரிங்குக்குள் போய்விடும்.

நார்வேக்காரர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரைக்கும் விளையாட்டுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறு காயம் 51 சதவீதம் குறைந்தது. காலண்டர் மட்டும் போதாது. தொடையின் பலம் நல்ல காலில் 90 சதவீதமாவது வர வேண்டும், ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அப்படியே.

இதைச் சொன்னால் பையன்கள் உடனே மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்தைக் கொண்டுவருவார்கள். 2023 ஆகஸ்டில் ஆபரேஷன், 2024 பிப்ரவரியில் தேசியப் போட்டியில் தங்கம் வாங்கினாரே என்று. வாங்கினார். அவருக்கு அதுதான் முழுநேர வேலை, காலைப் பார்க்க ஆட்கள் இருந்தார்கள். நீ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஜிம்முக்கே வருகிறாய். ஜார்ஜ் செயின்ட் பியர் 2011 டிசம்பரில் ஏசிஎல் கிழிந்து 2012 நவம்பரில்தான் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டியின் கூண்டுக்குள் திரும்பினார். அதே யுஎஃப்சியின் டொமினிக் குரூஸுக்கு வைத்த லிகமெண்ட் ஒட்டாமல் மறுபடி ஆபரேஷன். 2011 அக்டோபருக்கு அப்புறம் 2014 செப்டம்பரில்தான் அடுத்த சண்டை. அதில் ஒரே நிமிஷத்தில் ஜெயித்தார். அந்த டிசம்பரில் மற்ற முட்டும் போனது. நல்ல காலையும் பழக்குங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

பட்டினி

சண்டைக்கு எடை குறைத்தே பழகியவர்கள் படுத்திருக்கும்போதும் சாப்பாட்டைக் குறைப்பார்கள். தொப்பை வந்துவிடுமாம். போகப்போவது தொடைத்தசைதான். முட்டை, மீன், பயறு எதுவானாலும் சரி, நிறையச் சாப்பிடுங்கள்.

தச்சநல்லூர்ப் பையனின் இரண்டு தலையணைகளையும் நானே உருவினேன். அவன் அம்மாவுக்கு என் மேல் கோபம். காப்பியை வைத்துவிட்டு உள்ளே போனவர், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. குதிகாலுக்குப் பாயைச் சுருட்டி வைத்தேன். முட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் என் மூன்று விரலைப் படுக்க வைத்து இன்னும் இடம் இருந்தது. நல்ல காலையும் அதே பாயில் வைத்துப் பார்த்தேன், ஒரு விரல்தான் நுழைந்தது.

"மாஸ்டர், சண்டை எப்போ?" என்றான்.

"ஆனித் தேர் ஓடி முடியட்டும்லே."

இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு போட்டோ அனுப்பினான். முட்டுக்கு அடியில் அவன் அம்மாவின் விரல்கள், வளையலோடு. இரண்டரை.