அமெரிக்க கவுண்டி நீதிமன்றத்தில் விவாகரத்து ஆவணம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் விவாகரத்து பெற்றவர்களில் பலர் தீர்ப்பு வந்த கையோடு அந்தக் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள். மறுமணம், புதிய துணைவரை அமெரிக்காவுக்குக் குடியேற்ற அழைக்கும் ஐ-130 மனு, இந்திய பாஸ்போர்ட்டில் பழைய துணைவர் பெயரை நீக்குவது, ஊரில் ஒரு சொத்துத் தகராறு என்று ஏதாவது ஒன்று வரும்போதுதான் தேடல் தொடங்குகிறது. அப்போது அவசரத்தில் தவறான அலுவலகத்துக்கு எழுதி, தவறான காகிதத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். விசா நேர்காணல் தேதியோ திருமணப் பதிவு நாளோ கைவிட்டுப் போவது அப்படியல்ல. எதற்காக இந்த ஆவணம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டால் எந்த நகல், எந்த அலுவலகம், எத்தனை பக்கம் என்ற மற்ற கேள்விகளுக்கு அதிலிருந்தே விடை கிடைக்கும்.

தவறான அலுவலகம்

அமெரிக்காவில் விவாகரத்து மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது. நாடு முழுவதற்கும் பொதுவான பதிவேடு கிடையாது. ஃபெடரல் நீதிமன்றங்களின் பேஸர் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் திவால் வழக்கு வரலாம், விவாகரத்து வராது. திருமணம் நடந்த ஊருக்கு எழுதுவதும் வீண். திருமணம் சிகாகோவிலோ திருச்சியிலோ நடந்திருக்கலாம். விவாகரத்துக் கோப்பு இருப்பது வழக்கு தாக்கல் செய்யப்பட்ட கவுண்டியில்தான் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு). அது எது என்று நினைவில்லையென்றால், வழக்குப் போட்ட சமயத்தில் கணவனோ மனைவியோ எங்கே குடியிருந்தார்கள் என்று பாருங்கள். உதாரணமாக, கலிஃபோர்னியாவில் மனுப் போடும் முன் இருவரில் ஒருவராவது மாநிலத்தில் 6 மாதமும் அந்தக் கவுண்டியில் 3 மாதமும் வசித்திருக்க வேண்டும். டெக்ஸாஸில் மாநிலத்தில் 6 மாதம், கவுண்டியில் 90 நாள். இருவரும் பிரிந்து வேறு வேறு கவுண்டிகளில் இருந்திருந்தால் இரண்டிலும் தேட வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது நீதிமன்றத்தின் பெயரில். இந்தியாவில் விவாகரத்து என்றால் குடும்ப நல நீதிமன்றம். அந்தப் பழக்கத்தில் நியூயார்க்கில் ஃபேமிலி கோர்ட்டுக்கு எழுதுகிறார்கள். அந்த நீதிமன்றத்துக்கு விவாகரத்து வழங்கும் அதிகாரமே இல்லை. நியூயார்க்கில் விவாகரத்து தருவது சுப்ரீம் கோர்ட். பெயரைக் கேட்டால் உச்ச நீதிமன்றம் போலத் தோன்றும், ஆனால் அங்கே அது முதல்நிலை நீதிமன்றம். கோப்பு இருப்பது கவுண்டி கிளார்க்கிடம் (ஆவணங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரி). டெக்ஸாஸில் நிலைமை வேறு. திருமண உரிமம் தருவது கவுண்டி கிளார்க், விவாகரத்துத் தீர்ப்பை வைத்திருப்பது டிஸ்ட்ரிக்ட் கிளார்க். கலிஃபோர்னியாவில் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட், இல்லினாயில் சர்க்யூட் கோர்ட் கிளார்க். நியூஜெர்சியில் சுப்பீரியர் கோர்ட்டின் குடும்பப் பிரிவு. அங்கே விவாகரத்து வழக்கு எண் எஃப்.எம். என்று தொடங்கும், அடுத்து வருவது கவுண்டியின் எண். எடிசன் உள்ள மிடில்செக்ஸ் கவுண்டிக்கு 12. பழைய வக்கீல் கடிதம் ஒன்று கையில் இருந்தால் இந்த எண்ணை வைத்தே கவுண்டியைக் கண்டுபிடித்துவிடலாம்.

சான்றிதழை வாங்கிவிட்டுத் தீர்ப்பு கிடைத்ததாக நினைப்பது

மாநிலச் சுகாதாரத் துறை தரும் விவாகரத்துச் சான்றிதழில் இருவர் பெயர், தேதி, இடம் இவ்வளவுதான் இருக்கும். நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்பில்தான் திருமணம் முடிந்ததற்கான உத்தரவும் குழந்தைகள் பொறுப்பு, ஜீவனாம்சம், சொத்துப் பிரிவினை ஆகியவையும் இருக்கும். நியூயார்க் சுகாதாரத் துறையிடம் 1963 ஜனவரி 1 முதலான சான்றிதழ்கள் உள்ளன. டெக்ஸாஸ் சுகாதாரத் துறை தருவது 1968 முதலான விவாகரத்துகளுக்கு ஒரு சரிபார்ப்புக் கடிதம் மட்டுமே, தீர்ப்புக்கு அது மாற்றாகாது. கலிஃபோர்னியாவிலோ 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டுமே மாநிலத்திடம் ஒரு பதிவுச் சான்று கிடைக்கும். அதற்குப் பிந்தையவற்றுக்கு மாநில அலுவலகத்துக்கு எழுதிக் காத்திருப்பதில் பயனே இல்லை.

இவை பயனற்றவை என்று சொல்லவில்லை. எந்தக் கவுண்டி என்று தெரியாதபோது துப்பு கொடுக்க இவை நல்லவை. பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் இந்திய நீதிமன்றத்துக்கும் தீர்ப்பையே வாங்குங்கள்.

பெயரை ஒரே எழுத்துக்கோவையில் தேடுவது

நீதிமன்றத் தேடுபொறிகளில் பெரும்பாலானவை கொடுத்த எழுத்தை அப்படியே தேடுபவை. தமிழ்ப் பெயர்கள் சிக்குவது இங்கேதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது இன்ஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். சிலருக்கு விசாவில் சொந்தப் பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இறங்கி, முதற்பெயர் கட்டத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நின்றிருக்கும். மனு எழுதிய வக்கீல் அதில் எதைப் பார்த்து எழுதினாரோ அந்தப் பெயரில்தான் வழக்கு பதிவாகியிருக்கும்.

ஆகவே குடும்பப் பெயர் கட்டத்தில் சொந்தப் பெயரைப் போட்டு ஒருமுறை, அப்பா பெயரைப் போட்டு ஒருமுறை தேடுங்கள். மனைவியின் திருமணத்துக்கு முந்தைய பெயரிலும் பிந்தைய பெயரிலும் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கோவையில் இரட்டை எழுத்து, கூடுதல் 'எச்', கடைசி 'ஏ' ஆகியவற்றைக் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்துத் தேட வசதி இருந்தால் அதுவே சிறந்தது. மனுதாரர் யார், எதிர்மனுதாரர் யார் என்று மறந்துபோயிருக்கும் என்பதால் இருவர் பெயரையும் வைத்துத் தேடியே ஆக வேண்டும்.

இணையத்தில் ஒன்றும் வரவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கலிஃபோர்னியாவின் நீதிமன்ற விதிகள் குடும்ப வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்து பார்க்க அனுமதிப்பதில்லை. நேரில் போய் நீதிமன்றக் கணினியில்தான் பார்க்கலாம். பழைய வழக்குகள் மைக்ரோஃபிலிமிலோ வெளிக் கிடங்கிலோ இருக்கும். கிளார்க் அலுவலகத்துக்கே தேடுதல் கட்டணம் கட்டிவிடுவது மேல். கலிஃபோர்னியாவில் தேடல் 10 நிமிடத்தைத் தாண்டினால் 15 டாலர். "எல்லாப் பதிவுகளும் உடனே" என்று கூவும் தனியார் தளங்களுக்குக் கொடுக்கும் சந்தாவைவிட இது நம்பகமானது. அந்தத் தளங்கள் திரட்டித் தரும் தகவல் எந்த அலுவலகத்திலும் ஆவணமாக ஏற்கப்படாது.

வழக்கு கிடைத்ததும் விவாகரத்து ஆகிவிட்டதாக எடுத்துக்கொள்வது

இதுதான் மிக ஆபத்தான தவறு. பட்டியலில் 'முடிந்தது' என்று இருக்கும் வழக்கு, நடத்த ஆளில்லாமல் தள்ளுபடியானதாகக்கூட இருக்கலாம். சமரசமாகித் திரும்பப் பெற்று, பிறகு வேறு எண்ணில் மீண்டும் போட்டிருக்கலாம். வழக்கு நடவடிக்கைப் பட்டியலைக் கேட்டு, அதில் தீர்ப்பு பதிவான வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் எஃப்.எல்-180 என்ற தீர்ப்புப் படிவத்தில் நீதிபதி கையெழுத்திட்ட தேதி ஒன்று, திருமண நிலை முடியும் தேதி இன்னொன்று. எதிர்மனுதாரருக்கு மனு கிடைத்த நாளிலிருந்து (அல்லது அவர் ஆஜரான நாளிலிருந்து) 6 மாதம் ஆகாமல் திருமணம் முடியாது என்பதால் இரண்டும் மாதக்கணக்கில் விலகலாம். விண்ணப்பங்களில் எழுத வேண்டியது இரண்டாவதை. மறுமணம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் குடியுரிமை அலுவலகத்தில் பெரிய சிக்கலாகிவிடும். டெக்ஸாஸில் தீர்ப்பு வந்தபின்னும் வேறொருவரை மணக்கப் பொதுவாக 30 நாள் பொறுக்க வேண்டும், நீதிமன்றம் விலக்கு அளித்தால் தவிர.

சில வழக்குகளில் திருமணத்தை முறிக்கும் தீர்ப்பு முதலிலும் சொத்து பற்றிய தீர்ப்பு பிறகும் தனித்தனியே வரும். 'தீர்ப்பின் நகல்' என்று பொதுவாகக் கேட்டால் ஏதாவது ஒன்றுதான் கைக்கு வரும். இரண்டையும் தேதியோடு குறிப்பிட்டுக் கேளுங்கள்.

அரைகுறைக் கடிதம்

கடிதத்தில் இருவரின் முழுப்பெயர், வழக்கு எண், தெரியாவிட்டால் தாக்கல் செய்த ஆண்டு (இரண்டு மூன்று ஆண்டு வரம்பாகக் கொடுக்கலாம்), எந்த ஆவணம், எத்தனை நகல், சாதாரண நகலா சான்றிட்ட நகலா, திரும்பி அனுப்ப வேண்டிய முகவரி இவ்வளவும் வேண்டும். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையை வைக்க மறந்தால் பல அலுவலகங்களில் கடிதம் அப்படியே கிடக்கும். இந்திய வங்கிக் காசோலை செல்லாது. அங்குள்ள உறவினர் ஒருவர் மூலம் மணி ஆர்டர் எடுப்பது எளிது. பக்க எண்ணிக்கை தெரியாததால் தொகையில் குழப்பம் வரும். கலிஃபோர்னியாவின் பல நீதிமன்றங்கள் 'இத்தனை டாலருக்கு மிகாமல்' என்று எழுதிய காசோலையை ஏற்கும். அங்கே விவாகரத்துத் தீர்ப்பைச் சான்றிட 15 டாலர், நகலெடுக்கப் பக்கத்துக்கு 50 சென்ட். ஒப்பந்தம் இணைக்கப்பட்ட தீர்ப்பு 40 பக்கம் வந்தால் நகலுக்கு மட்டும் 20 டாலர் ஆகும். கட்டணங்கள் மாறுபவை. அனுப்பும் அன்று அந்த நீதிமன்றத்தின் கட்டண அட்டவணையைப் பாருங்கள்.

நியூயார்க்கில் விவாகரத்துக் கோப்பு 100 ஆண்டுகளுக்கு ரகசியம். சம்பந்தப்பட்ட இருவரும் அவர்களுடைய வக்கீல்களும் தவிர மற்றவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காட்ட மாட்டார்கள். தம்பியையோ நண்பரையோ வெறுங்கையோடு அனுப்பினால் திரும்பித்தான் வர வேண்டும். நோட்டரி முன் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அடையாள அட்டை நகலும் எந்த வடிவில் வேண்டும் என்று அந்தக் கவுண்டி கிளார்க்கிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பழக்கத்தில் வரும் இன்னொரு தவறு, கையிலிருக்கும் ஜெராக்ஸில் நோட்டரி முத்திரை வாங்கி 'சான்றிட்ட நகல்' என்று கொடுப்பது. நீதிமன்ற ஆவணத்துக்குச் சான்றளிக்கும் உரிமை அதை வைத்திருக்கும் கிளார்க்குக்கு மட்டுமே. ஐ-130 தாக்கலின்போது தெளிவான நகல் போதும். தூதரக நேர்காணலுக்குப் போகும்போது கிளார்க் முத்திரையிட்ட நகலைக் கையில் கொண்டுபோக வேண்டும்.

இந்தியாவுக்கு அனுப்புகிறீர்களா?

ஒரு நாட்டின் அரசு ஆவணம் உண்மையானது என்று இன்னொரு நாட்டுக்குக் காட்டும் சான்றுதான் அப்போஸ்டில். இந்தியாவும் அமெரிக்காவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் உள்ளன. இந்தியாவுக்கு இது 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. கவுண்டி தீர்ப்பை வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறைக்கு அனுப்பக் கூடாது, அவர்கள் ஃபெடரல் ஆவணங்களையே பார்ப்பார்கள். தீர்ப்பளித்த மாநிலமே அப்போஸ்டில் தர வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் அது செகரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், நியூஜெர்சியில் கருவூலத் துறை. அப்போஸ்டில் வாங்கப் போகிறீர்கள் என்பதை நகல் கேட்கும்போதே கிளார்க்கிடம் சொல்லுங்கள். மாநிலத்திடம் மாதிரிக் கையெழுத்து உள்ள அதிகாரிதான் ஒப்பமிட வேண்டும். வந்த நகலின் ஸ்டேப்பிளரை ஸ்கேன் எடுப்பதற்காகக் கழற்றாதீர்கள், லேமினேட்டும் செய்யாதீர்கள். பிரித்த தடம் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு.

இந்திய நீதிமன்றத்தில் தாக்கல் செய்வதானால் இன்னொரு படி இருக்கலாம். திருப்பதியில் நடந்த ஒரு திருமணத்தை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டி நீதிமன்றம் முறித்த வழக்கில், 1991-இல் நம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. அங்கிருந்து வந்த நகலில் கிளார்க் அலுவலகச் சான்று இருந்தது. அப்படியும், அமெரிக்காவிலுள்ள இந்திய அரசின் பிரதிநிதி சான்றளிக்கவில்லை என்று சாட்சியச் சட்டத்தின் 86-ஆம் பிரிவைச் சுட்டி நீதிமன்றம் குறை சொன்னது. எனவே அப்போஸ்டில் போதுமா, இந்தியத் துணைத் தூதரகச் சான்றும் வேண்டுமா என்பதை ஆவணம் அமெரிக்காவிலிருந்து கிளம்பும் முன்பே இங்குள்ள வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

அதே தீர்ப்பு இன்னொன்றையும் தெளிவாக்கியது. எதிர்த்தரப்பு அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று வழக்கில் பங்கெடுத்ததா, அல்லது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானதா என்பது இந்தியாவில் செல்லுபடியைத் தீர்மானிக்கும் முக்கியமான கேள்வி. தீர்ப்பில் மட்டும் இதற்கு விடை முழுதாக இருக்காது. கோப்பிலிருந்து மூல மனு, அழைப்பாணை எதிர்த்தரப்பிடம் சேர்க்கப்பட்டதற்கான சான்று, எதிர்மனுதாரர் தாக்கல் செய்த பதில், இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஆகியவற்றுக்கும் சேர்த்தே சான்றிட்ட நகல் கேளுங்கள். சில மாநிலங்களில் ஒப்பந்தத்தைத் தீர்ப்பில் பெயரளவில் குறிப்பிட்டுவிட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யாமலே விட்டிருப்பார்கள். அப்படியானால் அது அன்றைய வக்கீலின் அலுவலகத்தில்தான் இருக்கும். வக்கீல்கள் பழைய கோப்புகளைச் சில ஆண்டுகளில் அழித்துவிடுவதால் முதல் கடிதத்தை அவருக்கு எழுதுவது நல்லது.