விரல் மடங்காத வயதில் காகிதம் வெட்டி ஓவியம்: செய்முறை

வயதானவர்களுக்குப் பொழுதுபோக்கு என்றதும் கலரிங் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். இன்னொருவர் போட்ட கோட்டுக்குள் தீட்டுவதில் என் மாமியாருக்கு ருசியே இல்லை. வெட்டி ஒட்டுவதில்தான் மனம் ஒட்டியது.

பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ், 1941இல் நடந்த வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு நின்று தீட்ட முடியாமல் போனபோது முழுமூச்சாக இறங்கிய வழி இது. இப்படி வெட்டி ஒட்டிய ‘நத்தை’ என்ற ஓவியத்தை 1953இல் செய்தபோது அவருக்கு 83 வயது. அகலமும் உயரமும் ஏறக்குறைய 3 மீட்டர்!

1. வெள்ளை டிராயிங் தாள் முழுக்க ஒரே நிறத்தில் போஸ்டர் கலர் பூசுங்கள். தண்ணீர் கூடினால் தாள் சுருளும். காய்ந்ததும் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு. பூசும் வேலையைப் பேரப்பிள்ளைகள் செய்யட்டும். மத்தீஸுக்கும் உதவியாளர்கள்தான் பூசித் தந்தார்கள்.

2. தையல் கத்தரி வேண்டவே வேண்டாம், கனம். ஸ்பிரிங் வைத்து, தானே திறந்துகொள்ளும் கத்தரிதான் என் தேர்வு. கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்பி வெட்ட வேண்டும்.

3. பென்சிலால் வரையாமல் நேரே வெட்டுங்கள். மாவிலை, செம்பருத்தி, எதுவானாலும் சரி. வெட்டியது போக மிஞ்சும் ஓட்டைத் தாளையும் எறியாதீர்கள், அதுவும் ஓர் உருவம்தான்.

4. எங்களை இழுத்தடித்தது இந்தக் கட்டம். வெட்டின கையோடு ஒட்டத் தோன்றும், ஒட்டிவிட்டால் நகர்த்த முடியாது. ஒரு தெர்மாகோல் அட்டையைக் கண்ணுக்கு நேரே சாய்த்து, துண்டுகளைக் குண்டூசியால் குத்துங்கள். நாலு நாள் அப்படியே கிடக்கட்டும். போகும்போது வரும்போது பார்த்து, இலையை இப்படி, பூவை அப்படி என்று மாற்றலாம். உண்மையில் ஓவியம் உருவாவதே இங்கேதான். மத்தீஸும் சுவரில் குத்தி, மாற்றி மாற்றித்தான் முடிவு செய்தார். கூட இருந்து உதவும் நீங்கள் கை வைக்காதீர்கள், ‘இது இங்கே நல்லா இருக்கும்’ என்றும் சொல்லாதீர்கள். நான் வாயை மூடிக்கொள்ளப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

5. கடைசியில் பசை. ஈரப்பசையில் போஸ்டர் கலர் கரையும், தாளும் சுருங்கும். பசைக்குச்சி போதும்.

பின்சேர்க்கை: கை நடுங்கினால் குண்டூசி ஆபத்து என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான். அவர்களுக்கு மாஸ்கிங் டேப்பைச் சுருட்டித் துண்டின் பின்னால் வையுங்கள். செல்லோடேப் வேண்டாம், உரிக்கும்போது வண்ணத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.